கட்டிலுக்குக் கீழ ஓடுற ரயில்

பிளேஸ்டோ
ஒக்டோபர் 2006

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

அப்பா எழுதிறன். இஞ்ச நானும் அம்மாவும் சுகம், அம்மாவின்ர முழங்கால் மட்டும் குளிரோட சண்டை பிடிக்குது, மெல்பேர்ணில நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமா இருக்கிறாய் எண்டு நம்புறன். மெயில் போட்டால் வாசிக்காமலே ஓகே அப்பா எண்டு ரெண்டு சொல்லு அனுப்பிவிடுவாய், அதாலதான் பேப்பரில. எனக்குச் சரியான கோவம் பிள்ளை. ஆரைக் கேட்டு உன்ர கட்டிலைக் குடுக்கச் சொன்னனி?

நடந்ததைக் கேள். மூண்டு வருசமா நெட்டில படிச்சுப் படிச்சு, இந்த வருசம் எப்பிடியும் விளையாட்டு ரயில் செட் போடுறதெண்டு நிண்டன். அளவுதான் பிரச்சினை. டபிள் ஓ எண்ட பெரிய அளவெண்டால் எஞ்சின் கை நிறைய இருக்கும், சில்லுச் சுத்துறது கண்ணுக்குத் தெரியும், ஆனா ஆறடிக்கு நாலடி பலகை வேணும். இங்கிலீஷ் என் எழுத்துப் பேர் வைச்ச என் கேஜ் அதில அரைவாசி, நாலடிக்கு ரெண்டடி காணும், ஆனா கண்ணாடி போடாமல் பெட்டியைத் தண்டவாளத்தில ஏத்த ஏலாது. என் கேஜ் எறும்பு போறதுக்கு எண்டு நெட்டில ரயில்காரற்ற ஃபோரத்தில எத்தினை பேரோட சண்டை பிடிச்சனான்! டபிள் ஓவுக்குத்தான் பிளான் கீறி ஃபிரிட்ஜில ஒட்டினன். அதில உன்ர அறை இருந்தது, கட்டில் இல்லை. அளவு பாக்கத்தான் கீறினனான், வேற ஒண்டுமில்லை.

அம்மா அதைப் பாத்திட்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் உனக்கு ஃபோன் அடிக்க, நீயும் எனக்கு இனி என்னத்துக்கு அந்தக் கட்டில், அப்பா ஆசைப்படுறார், எடுக்கட்டும் எண்டு சொன்னியாம். என்னத்துக்கோ? சனிக்கிழமை காலமை தோர்ண்டன் ஹீத்தில இருந்து குகதாசன் மாமா வானோட வந்து நிக்கிறார், தன்ர மேல்மாடியில வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்குக் கட்டில் வேணுமாம். மெத்தையைப் படியால பாதி இறக்கியாச்சு. நான் படியில குறுக்கால இருந்திட்டன். அக்கா, அத்தானையும் சேத்துத் தூக்கினால்தான் கட்டில் வரும்போல எண்டு மாமா சிரிக்கிறார். சுவர்ணாவே வேண்டாமெண்டிட்டாள், உங்களுக்கென்ன எண்டு அம்மா கேக்கிறா. எனக்கென்னவோ! அந்த மெத்தையைத் தனியத் திருப்பி ஏத்தினன், இடுப்பும் நாரியும் இன்னும் நோகுது.

பிளானைக் கிழிச்செறிஞ்சுபோட்டு அண்டைக்கே என் கேஜ் ஓடர் பண்ணிட்டன். ஃபோரத்தில சொல்லவேண்டி வந்தது, எறும்புக்கு டிக்கெட் எவ்வளவு எண்டு ஒருத்தன் கேக்கிறான், கேக்கட்டும். கட்டில் காலுக்கு நாலு மரக்கட்டை வைச்சு உயர்த்தி, பலகைக்குச் சில்லுப் பூட்டிக் கீழ தள்ளி வைச்சிருக்கிறன். நேற்று முதல் வட்டம் ஓடிச்சுது, நான் நிலத்தில படுத்துக் கிடந்து பாத்தன், அம்மா குனிய ஏலாமல் உன்ர கட்டிலில இருந்து சத்தத்தைக் கேட்டா.

சாப்பாட்டைப் பிந்தவிடாத, ஷிப்ட் முடிஞ்சால் தனிய நடந்து வராத, பிள்ளையார் உனக்குத் துணை. இனி உன்ர கட்டிலைப் பற்றி ஆரோடயும் கதைக்கிறதெண்டால் முதல் என்னோட கதை. வரேக்க ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிரு, கட்டில் இப்ப முந்தியைவிட நாலு அங்குலம் உயரம், இறங்கேக்க காலைப் பாத்து வை.

கோவம் ஆறாத, ஆனா உன்னை எப்பவும் ஆசீர்வதிக்கிற
அப்பா
தர்மேந்திரன்