நூற்றிப்பத்தில் நிற்கும் வண்டி

மே 4, ஞாயிறு
காலையிலேயே அனல். சேந்தமங்கலத்தில் ஒரு வீட்டுக்குப் போய், ஓட்டிய பைக் ஒன்றை விலைக்கு எடுத்தாயிற்று. ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர், இருநூறு குதிரைச் சக்தி. கிளட்ச் பிடிக்காமலே கியர் விழுகிறது. அந்த வீட்டுப் பையன் ஓட்டியது. விபத்தெல்லாம் இல்லை, காய்ச்சலில் போய்விட்டானாம். கிளம்பும்போது அவன் அம்மா டேங்கில் கை வைத்து, "நூத்திப்பத்துக்கு மேல வேண்டாஞ் சாமி" என்றார். "சரிங்கம்மா, வாரேனுங்க" என்றேன். இந்த வண்டியில் நூற்றிப்பத்தா! சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மே 5, திங்கள்
ஆபீசுக்கு லீவு. நாமக்கல் ரோடு, ஸ்போர்ட் மோடு. 108, 109, 110. அவ்வளவுதான். முழுசாக முறுக்கியும் எண் நகரவில்லை. இஞ்சின் திணறவில்லை, விக்கவில்லை. பேசாமல் மறுக்கிறது. நட்டநடு வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

மே 7, புதன்
செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் லேப்டாப் மாட்டிப் பார்த்தார். கோளாறு இல்லை, வேகத்துக்குப் பூட்டும் இல்லை. அவரே ஓட்டிவிட்டு வந்தார். "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. நூத்திப்பத்துல மட்டும் யாரோ சட்டையப் புடிச்சு இழுக்குறாப்ல..." முடிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் கவிதாவுக்கு ஆறாம் மாதம். "நல்லதாப் போச்சுங்க, அப்படியே இருக்கட்டும்" என்கிறாள். எரிச்சல். இதற்கா இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்?

வாங்க: செயின் ஆயில், முருங்கைக்கீரை, அவளுக்கு மாத்திரை.

மே 10, சனி
மறுபடி சேந்தமங்கலம். சொன்னேன். அந்த அம்மா ஆச்சரியமே படவில்லை.

"ஐயோ, அது உங்களச் சொல்லலீங்க சாமி. இவன்கிட்டச் சொன்னது" என்று வண்டியைக் காட்டினார். எங்கள் பக்கம் பெரியவர், சின்னவர் எல்லோரும் சாமி. நான் என்னைத்தான் என்று தலையாட்டியிருக்கிறேன், மடையன்.

"தம்பிக்கு இடைஞ்சலாயிருச்சாட்ட இருக்குது" என்றவர், டேங்கிடம் குனிந்தார். "இனிமே இவரு சொல்றதக் கேளு கண்ணு."

திரும்பும்போது 110. 130. 180. 214. கத்தினேன், சந்தோஷத்தில். முட்டை லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. பிரேக் துடிதுடித்து, ஒரு முழம் இடைவெளியில் நின்றேன். இனி என்னைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. சூரமங்கலத்தில் வீடு வரும்வரை நாற்பதிலேயே வந்தேன்.

கவிதா வாசலுக்கு வந்தாள். "சரியாயிருச்சுங்களா?"

"நீ ஒரு வார்த்தை சொல்லு, அதுகிட்ட." கேலி செய்வாள் என்று நினைத்தேன். சூடான டேங்கில் கை வைத்தாள்.

"எனக்கு இவரு ஒருத்தருதானுங்க."

அதுவரை சுற்றிக்கொண்டிருந்த வண்டியின் ரேடியேட்டர் விசிறி, சரி என்பதுபோல் நின்றது.