பஸ் போர்டில் படித்தவன் நான்தான்

ஜவ்வாது மலையடிவாரம்,
அமிர்தி வழி,
புதன்கிழமை.

அன்புள்ள ஜோஸ்லினுக்கு, பெரியப்பா ஜேம்ஸ் எழுதுவது.

என் கதையைத் தூக்கி உன் நைனாவுக்குக் கொடுத்துவிட்டாய். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் காலேஜ் ஆண்டு மலரை உன் நைனா ஜஸ்டஸ் போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் உறை போட்டு, பைபிளுக்கு மேலே வைத்துப் பிடித்திருந்தான். "இன்னாண்ணா, நம்ம பொண்ணு எழுதிக்கீறத பாத்தியா? போட்டோகூட போட்டுக்கீறாங்க" என்றான். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் அதைச் சத்தமாக வாசித்தார். இறுதி ஆண்டு இன்ஜினியரிங் மாணவி என்ன படிக்கிறாள், என்ன எழுதுகிறாள், என்ன ஆகப்போகிறாள் என்பதெல்லாம் வந்தது. வேலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாய், காலேஜ் பஸ்ஸில் போனில் கதை படிக்கிறாய். சென்னைக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம் வேலை, பிறகு மேல்படிப்பு, ஒருநாள் ஒரு புத்தகம். சந்தோஷம். அடுத்த பத்தியில்தான் என் தலையில் கல்லைப் போட்டாய். "என் அப்பா எழுத்துப் படித்தது ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில். புளி மூட்டை இறக்கிக்கொண்டே பஸ் போர்டுகளைப் பார்த்துப் படித்தார். நான் படிப்பது அவர் விட்ட இடத்திலிருந்து."

வீட்டில் நைனா என்று கூப்பிடுகிறவள், காலேஜ்காரர்கள் சிரிப்பார்கள் என்று அச்சில் நாகரிகமாக அப்பா என்று போட்டிருக்கிறாய். அது போகட்டும். ஜஸ்டஸ் எந்த பஸ் போர்டைப் பார்த்தான்? அவன் போர்டிங் பள்ளியில் சிலேட்டோடு உட்கார்ந்து படித்தவன். அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் வரைக்கும் சுமந்தவன் நான்.

போதகர் போன வருடம் வந்தவர், அவருக்குத் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் தூங்கிவிட்டார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகையில் இந்தத் தகப்பனுக்குச் சால்வை போடுவோம் என்று அறிவித்தார். உன் நைனா எழுந்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீ நாலாவது படிக்கும்போது உன்னிடம் மட்டும் சொன்னேன், மறந்திருக்க மாட்டாய். "இது எந்த பஸ்ஸுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டு, பஸ் கிளம்பும் வரை போர்டையே பார்ப்பேன். அமிர்தி பஸ்ஸில் அ கிடைத்தது. கண்ணமங்கலம் பஸ் ஒன்றிலேயே ஐந்து எழுத்து. ஞ மட்டும் கிடைக்கவில்லை. காஞ்சிபுரம் பஸ் எங்கள் பக்கம் வராது. கோயில் நோட்டீஸில் ஞாயிறு என்ற இடத்தில் நான் தட்டுத்தடுமாறி நின்றதைப் பார்த்து, லீவுக்கு வந்திருந்த ஜஸ்டஸ் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "எங்கண்ணனுக்கு ஞாயித்துக்கெழமையே கெடையாது!" கோயிலே சிரித்தது. அதே கோயிலில் இப்போது அவனுக்குச் சால்வை.

எனக்குப் பொறாமைதான், ஒளிக்கவில்லை. உன் மேலும் உண்டு. பதினோரு நோட்டு எழுதி வைத்திருக்கிறேன். வாரப் பத்திரிகைக்கு மூன்று முறை அனுப்பினேன். ஒருமுறை திரும்பி வந்தது, மற்ற இரண்டுக்கும் பதிலே இல்லை. நீ ஒரே ஒரு கட்டுரை எழுதினாய், போட்டோவோடு வந்துவிட்டது. அதிலும் 'ஒருநாள்' புத்தகம் எழுதுவாளாம். நாள் முழுக்க மூட்டை இறக்கிவிட்டு எழுதியவனுக்கு அந்த வார்த்தையைப் படித்தால் எரியாதா? வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு பக்கம் எழுது. இல்லையென்றால் எழுதுவேன் என்று சொல்லாதே.

வியாழக்கிழமை காலை.

நேற்று ஒட்டாமல் வைத்த கடிதத்தை உன் பெரியம்மா கிருபாவதி படித்துவிட்டாள். படித்துவிட்டு அடுப்பங்கரையிலிருந்தே சத்தம் போட்டாள்: "இன்னா மனுசன்யா நீ? அவ ஜஸ்டச என்னிக்கினா அப்பான்னு கூப்ட்டுக்கீறாளா? அவன் நைனா. எட்டாவது போற வரைக்கும் உன்னத்தான அப்பா அப்பான்னு சுத்தினு இருந்தா. ஊரு போர்டெல்லாம் படிச்ச, இத்த படிக்கத் தெர்லயே!"

போதகரிடம் வாங்கி வைத்திருந்த மலரை எடுத்தேன். அந்தப் பத்தியை நாலு தடவை படித்தேன். ஞ என்ற எழுத்தில் நின்ற மாதிரி அந்த ஒரு வார்த்தையில் நின்றேன்.

ஆனாலும் மேலே எழுதியதில் ஒரு வரியும் அடிக்க மாட்டேன். வீட்டில் ஒரு அர்த்தமும் அச்சில் ஒரு அர்த்தமும் உள்ள வார்த்தையை விளக்காமல் போட்டது உன் தப்பு. உன் நைனா வாயை மூடிக்கொண்டது அவன் தப்பு. உன்னை ஒன்று கேட்கிறேன். உடன் படிக்கிற பிள்ளைகள், "ஒனக்கு இன்னாடி ரெண்டு அப்பாவா?" என்று கேலி செய்ததால், எட்டாவதில் அப்பா என்பதைப் பெரியப்பா என்று மாற்றினாய். நானும் கேட்கவில்லை. இத்தனை வருடம் அதை வாயில் வைக்காமல் எங்கே வைத்திருந்தாய்? என்னைத் தவிர எல்லோருக்கும் ஏன் முதலில் காட்டினாய்?

இனி நடக்க வேண்டியது இது. மலரில் திருத்தம் எதுவும் நீ கேட்காதே. அந்த வார்த்தை இருக்கிறபடியே இருக்கட்டும். சனிக்கிழமைக்குள் உன் நைனா போதகரிடம் போய், பஸ் போர்டில் படித்தவன் நான் இல்லை, என் அண்ணன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். நீ சொல்லிக் கொடுக்காதே, தானாகச் சொல்லட்டும். போதகர் சால்வையை யாருக்குப் போடுவது என்று அவரே யோசிக்கட்டும், எனக்கு அது வேண்டாம். கிருபாவதி என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்க வேண்டும்.

நீ ஞாயிறு காலை வேலூரிலிருந்து அமிர்தி பஸ்ஸில் வா. கோயில் வாசலில் ஜனம் நிற்கும்போது இறங்கு. உன் நைனாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்போம். அச்சில் போட்ட அந்த வார்த்தையை வாயால் ஒருமுறை சத்தமாகக் கூப்பிடு. யார் திரும்புகிறார்கள் என்று ஊர் பார்க்கட்டும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. வேலைக்குப் போகிற இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஜேம்ஸ்.
(உறவுமுறை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லு.)