அம்மா முதலில் உட்கார்ந்திருக்கலாம்

அன்பு மகள் சிட்டுக்கு,

அம்மா போய்விட்டாள் என்ற செய்தி மதியம் இரண்டு நாற்பத்தாறுக்கு வந்தது, அது வந்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். உடம்புக்கு நான் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பிவிட்டேன், பழையபடி விமான ரேடாரைக் கழற்றிச் சோதித்து மாட்டுகிறேன், கை தானாகச் செய்கிறது. வீட்டில்தான் சிரமம். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பேருக்கான சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார், ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று அவருக்கும் கை வரவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கதவுகளின் திருகாணிகளையெல்லாம் இறுக்கிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தளரவில்லை.

விமானப் பணிப்பெண் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும், நீங்க வேணாம்னா போகலப்பா என்றாய். உன் அத்தை, ஒன்னு போனது போதாதா, நீ வாயைத் திறந்து சொல்லேண்டா என்று தினமும் கரித்துக்கொட்டுகிறாள். அதற்கு முன் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவின் விமானம் குலுங்கிய அன்று வானம் துடைத்துவிட்டது போல இருந்ததாம். ரேடார் மேகத்தில் இருக்கிற நீர்த்துளியைத்தான் பார்க்கும், வெறும் காற்று புரளுவது அதற்குத் தெரியாது. அந்த விமானத்து ரேடாரின் பதிவுகளை மூன்று தடவை பார்த்தேன், பழுது இல்லை. இருந்திருந்தால் திட்டுவதற்காவது ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். பொண்டாட்டி மூஞ்சியில இடி மின்னல் வர்றதையே கண்டுபிடிக்கத் தெரியாத ஆளு, இவரு வானத்தைப் பாக்கிறாராம் என்று உன் அம்மா கேலி செய்வாள்.

அன்று அம்மாவோடு பணிப்பெண்ணாக விமானத்தில் இருந்த பெண் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டபடி வந்திருந்தாள். "அண்ணா, பக்கத்துலயே காலி சீட்டு இருந்துச்சு. அக்கா கெட்டிலைக் கீழ வச்சுட்டுத்தான் திரும்பினாங்க" என்றாள். திடீரென்று குலுங்கினால் கையில் இருப்பதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும் என்று புதுப் பிள்ளைகளுக்கு எட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவள் உன் அம்மா. அந்த வரிசையில் ஒருத்தி மடியில் கைக்குழந்தை, அம்மா கையில் கொதிக்கிற தண்ணீர். அதைக் கீழே வைக்க மூன்று விநாடி. அடுத்த குலுக்கலில் அவள் தலை கூரையில் மோதிவிட்டது. அந்தக் குழந்தைக்கு ஒரு சொட்டுகூடப் படவில்லையாம். எல்லாரும் அவளைப் பெருமையாகப் பேசுகிறார்கள், நான் தலையாட்டுகிறேன். எனக்கு அவள்மேல் கோபம் சிட்டு, இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

போ என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை, போகாதே என்று சொல்ல உரிமையில்லை. முடிவு உன்னுடையது. போனால் ஒன்று மட்டும் செய், யார்மேல் எது கொட்டினாலும் முதலில் நீ உட்கார். இது அப்பாவின் சுயநலம், அப்படியே வைத்துக்கொள்.

இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. எங்கே இருந்தாலும் குறையில்லாமல் நீண்ட நாள் இரு, என் ஆசி முழுக்க உனக்குத்தான்.

உன் அப்பா

பி.கு.: இது வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியரில் சொன்னார்கள். உன் குரலைக் கேட்டால் போகாதே என்று சொல்லிவிடுவேன். அதனால் வெள்ளிக்கிழமை தாண்டும்வரை போனை அணைத்துவிட்டேன்.