யாருக்கும் கொடுக்காத செலவு

ஏப்ரல் 12

ஆடிட்டர் வருடக் கணக்கைக் கொண்டுவந்தார். விற்பனை மூன்று கோடி. நிகர லாபம் மூன்று லட்சம். பாதி எனக்கு, பாதி அண்ணனுக்கு. அப்பா எழுதிவைத்துவிட்டுப் போன ஏற்பாடு. மூன்று கோடிக்கு அட்டைப்பெட்டி செய்து லாரி ஏற்றியவள் நான். பத்தொன்பது வருடமாகக் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால் பசையும் தூசியுமாக இருட்டிய பிறகுதான் மாடி அறைக்கு ஏறுகிறேன். கைக்கு ஒன்றரை லட்சம். இதை வைத்து வீட்டுக்கு முன்பணம் கட்டவா, நாக்கு வழிக்கவா?

நாற்பத்திரண்டு வயதாகிறது. பசை நாற்றம் அடிக்காத ஓர் அறையில் தூங்க வேண்டும். இதைக் கேட்பது குற்றமா?

அண்ணன் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வித்த பணமெல்லாம் லாபம் இல்லம்மா. காகிதம், கூலி, கரண்ட், வட்டி, வரி, அத்தனையும் போக மிஞ்சுறதுதான் நிகர லாபம்" என்றான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. டம்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அதற்கு மேல் யாரும் பாடம் எடுக்கவில்லை.

ஏப்ரல் 13

கணக்கை மறுபடி பார்த்தேன். வட்டிக்குக் கீழே ஒரு வரி: தேய்மானம், பன்னிரண்டு லட்சம். இது யாருக்குக் கொடுத்த பணம்?

ஏப்ரல் 15

ஆடிட்டரிடம் கேட்டேன். "யாருக்கும் கொடுக்கலைங்க. மெஷினுக்கு வயசாகுதில்ல, வருஷத்துக்கு இவ்வளவுன்னு மதிப்பைக் குறைச்சு செலவுல எழுதுவோம்" என்றார்.

மெஷினுக்கு வயசாகுதாம். எனக்கு ஆகலையா? எனக்கு எவன் எழுதுறான்?

வெளியே போகாத பணம் உள்ளேதானே இருக்க வேண்டும்? நேரே வங்கிக்குப் போய்க் கேட்டேன். கம்பெனி பேரில் ஒரு டெபாசிட். வருடா வருடம் போட்டுச் சேர்த்தது. ஐம்பத்து நான்கு லட்சம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திருடன். கூடப்பிறந்த திருடன்.

ஏப்ரல் 16

அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 17

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

அண்ணன் அட்டை வெட்டும் மேசையருகில் நின்றுகொண்டிருந்தான். ஐம்பத்து நான்கு லட்சம் என்றேன். அசரவில்லை. "அது லாபம் இல்ல. பஞ்சிங் மெஷின இந்த வருஷம் மாத்தியாகணும், அதுக்கு வச்சிருக்கேன். மெஷின் தேயுறதும் செலவுதான்" என்றான்.

"பணமே போகாம எப்படிடா செலவாகும்?"

"உனக்குப் புரியாது. நீ போய் ஷெட்டைப் பாரு."

மேசைமேல் இரும்பு ஸ்கேல் கிடந்தது. எடுத்தது நினைவிருக்கிறது. அவன் இடது கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தான். கையின்மேலேயே அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் ஓர் அடி அடித்தேன். முன்னால் அடித்ததெல்லாம் கோபம். அந்தக் கடைசி அடி என்ன?

அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டித்தரும் பஞ்சிங் மெஷினை ஓட்டும் மீசைதான் ஓடிவந்து ஸ்கேலைப் பிடுங்கினார். ஊரே அவரை மீசை என்றுதான் கூப்பிடும். அப்பா காலத்து ஆள். தகவல் கேட்டு, டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்த அண்ணி, எல்லோர் முன்னாலும் என்னைக் கன்னத்தில் அறைந்தாள். நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். இரண்டு பேரையும் பிரிப்பதற்குள் மீசைக்குச் சட்டை கிழிந்துவிட்டது.

"போலீசுக்குப் போகலாம்னா உங்கண்ணன் வேண்டாங்கிறார். போயிருந்தா நீ இந்நேரம் கம்பி எண்ணிக்கிட்டு இருப்ப" என்றாள் அண்ணி. உண்மைதான்.

மே 2

அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வந்தான். சாவிக்கொத்தை வைத்தான். டெபாசிட்டை உடைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். "இனிமே உன்கூட மல்லுக்கட்ட என்னால முடியாது. நீயே நடத்து. மெஷின மட்டும் மாத்திடு" என்றான். வாயைத் திறந்தால் அது ஒன்றுதான்.

மே 31

நானே போட்ட முதல் கணக்கு. தேய்மானம் என்ற வரியை எடுத்துத் தூரப் போட்டேன். நிகர லாபம், ஒரே மாதத்தில், ஒன்றேகால் லட்சம். இத்தனை வருடம் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறான்.

டெபாசிட்டில் பாதியை அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். நான் திருடி இல்லை. என் பாதியை ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டினேன். இரண்டு அறை, கிழக்கே ஜன்னல். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

ஜூன் 18

அண்ணனுக்குக் கையில் இரண்டாவது ஆபரேஷனாம். மீசை சொல்லித்தான் தெரியும். நான் அனுப்பிய பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று விரல்கள் இனி மடங்காது.

ஜூலை 4

"அம்மா, மெஷின் உதறுது. பெரிய சக்கரம் ஆடுது. நிறுத்திடலாம்" என்றார் மீசை. புது மெஷின் விலை கேட்டேன். நாற்பத்தைந்து லட்சம். எங்கே போவது? போல்ட்டை இறுக்கி ஓட்டுங்கள், இந்த ஆர்டர் போகட்டும் என்றேன். அவர் முணுமுணுத்தார். இஷ்டமில்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினேன்.

ஜூலை 9

கடவுளே.

ஜூலை 11

சக்கரம் கழன்றது. இரும்பு, என் தோள் உயரம். தரையில் விழுந்து, எழும்பி, மீசையின்மேல் ஏறி, பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. அவர் கத்தவில்லை. காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அட்டைக் கட்டுகளில் இரத்தம் ஊறி ஊறி மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஷெட் வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். முதலில் ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. பிறகு என் முகத்தில் ஒரு கல். கீழே விழுந்தேன். மிதித்தார்கள். பசை காய்ச்சும் பெண் என் முடியைப் பிடித்து, "அவர் சொன்னாரா இல்லையா? சொன்னாரா இல்லையா?" என்று தலையைத் தரையில் மோதினாள். சொன்னார். நான் கையைத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

முன்பல் இரண்டு போய்விட்டன. ஒரு விலா எலும்பு விரிசல். எனக்கு இது போதாது.

ஆகஸ்ட் 6

பழைய ஆடிட்டரிடமே போனேன். பல்லில்லாத வாயைப் பார்த்தும் பார்க்காததுபோல் கணக்கை விரித்தார். தேய்மானத்தை அதன் இடத்தில் திரும்ப எழுதினோம். ஆஸ்பத்திரிச் செலவு, மீசைக்கு நஷ்ட ஈடு, இடிந்த சுவர். கடைசி வரியில் நிகர நஷ்டம். என் ஒன்றேகால் லட்சமெல்லாம் பொய். மெஷினைத் துண்டு துண்டாகத் தின்றுவிட்டு லாபம் என்று பேர் வைத்திருக்கிறேன்.

ஷெட்டை விற்கப்போகிறோம். வீட்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கி மீசையின் மனைவியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என் காலடியில் காறித் துப்பினாள்.

ஆகஸ்ட் 20

கணக்கைக் காட்ட அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள். அண்ணன் வரி வரியாகப் படித்தான்.

"எல்லாம் சரி. ஒரு வரி இல்ல" என்றான்.

"என்ன வரி?"

"உன் சம்பளம்."

எனக்கு விளங்கவில்லை. சொன்னான். அப்பா காலத்திலிருந்தே வீட்டு ஆட்களுக்குச் சம்பளம் எழுதும் வழக்கம் இல்லை. அவன் குடும்பம் அண்ணியின் சம்பளத்தில் ஓடியது. எனக்கு மாடி அறையும் கைச்செலவும். "ஷெட்டைப் பாக்குற ஒரு ஆளுக்குக் குடுக்கிற சம்பளத்த உனக்கு எழுதியிருந்தாலே அந்த மூணு லட்சம் இருந்திருக்காது. என்னோடதையும் எழுதினா, அப்பா போன நாள்லேருந்து நஷ்டம்தான்."

"தெரிஞ்சேதான் எழுதாம இருந்தியா?"

"தெரியும்."

"ஏண்ணா சொல்லல?"

"சொன்னா மூடச் சொல்லுவ. அப்பா கம்பெனி."

மெஷின் தேயுறதுக்குக் கணக்கு வச்சவன், நான் தேயுறதுக்கு வைக்கலை. அன்றே மூடியிருந்தால் மீசைக்கு இரண்டு காலும் இருந்திருக்கும். அவனுக்கு விரல் மடங்கும். எனக்கு — விடு.

பக்கத்தில் ஒரு பித்தளைப் பூட்டு கிடந்தது. என் கை அதன்மேல் போய்விட்டது. அண்ணன் பார்த்தான். இந்தத் தடவை கையைக் குறுக்கே வைக்கவில்லை. விறைத்த விரல்களோடு அது கணக்கின்மேலேயே கிடந்தது.

பூட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

செப்டம்பர் 14

ஷெட் கைமாறியது. வாங்கியவர் பெட்டி செய்யவில்லை, கோடவுனாக வைத்துக்கொள்கிறாராம்.

நவம்பர் 1

வேறொரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஷெட் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஒரு மாதம். அதே வேலை, அதே பசை. உதறும் மெஷினை இரண்டு தடவை நிறுத்தினேன். முதலாளி முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும். இன்று சம்பளம் வந்தது. பாதியை மீசை வீட்டுக்கு அனுப்பினேன்.

பிறகு அண்ணனுக்கு போன் செய்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு பேசவில்லை. சம்பளம் வந்தது என்றேன்.

"எவ்வளவு?"

சொன்னேன். அவனுக்குக் கணக்கு வேகமாக வரும். பத்தொன்பது வருடத்துக்கும் பெருக்கிப் பார்த்திருப்பான்.

"அவ்வளவா?" என்றான்.

போனை மெதுவாக மேசையில் வைத்தேன். கையில் இருந்திருந்தால் உடைத்திருப்பேன்.