உடையாமல் வந்த டம்ளர்

சால்ட் லேக் சிட்டி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய மென்டலுக்கு உங்கள் ஹானா எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா? நான் நலம். ஹோட்டல் சமையல் வேலை குறைவில்லாமல் நடக்கிறது.

நம் பேத்தி இலானாவின் கல்யாணம் முடிந்தது. வரமாட்டேன் என்று நீங்கள் நின்றதும் நல்லதாய்ப் போயிற்று. மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அந்தப் பையனுக்காக அவர்கள் சபையில் சேர்ந்தாளே, அந்தச் சபையில் இல்லாதவர்கள் கோயிலுக்குள் போய்க் கல்யாணத்தைப் பார்க்கக் கூடாதாம். வாசலில்தான் சொன்னார்கள். இலானாவின் அப்பா, நம் மருமகன், காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மருமகனின் அம்மா, நம் சம்பந்தி கெர்டா. செத்துப்போன நம் மகளின் கல்யாணத்தன்று, தன் சர்ச்சில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தவள்.

“வாசல்ல இயேசு பேரை எழுதி வச்சுட்டு எனக்கே கதவைச் சாத்துறாங்க, பாத்தீங்களா சம்பந்தி?” என்றாள்.

“நீங்க கடைசி வரிசையாவது குடுத்தீங்க,” என்றேன்.

நம் கல்யாணப் பந்தலில் தெருவில் போனவர்கள்கூட வந்து நின்றார்கள்.

நம் யூத வழக்கப்படி மாப்பிள்ளை மிதித்து உடைக்கட்டும் என்று ஒரு கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். வெளியே வந்த இலானாவிடம் நீட்டினேன்.

“ஐயோ பாட்டி, இங்க வேணாம், எல்லாரும் பாக்குறாங்க!” என்று போட்டோ எடுக்க ஓடிவிட்டாள்.

வெயில்தான் அதிகம், வேறொன்றுமில்லை. காப்பித்தூளும் நம் தெருக் கடையின் கறுப்பு ரொட்டியும் அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்த டம்ளரில்தான் இப்போது தண்ணீர் குடிக்கிறேன்.

ஹானா