கடைசி பெஞ்சு என் பெயரில் எழுதுகிறான்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நடுக்கடலில் இயந்திர அறையின் சூட்டோடு மல்லுக்கு நிற்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். சிவப்பு மையைப் பார்த்துப் பதறாதே. நீலப் பேனா நேற்றே தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வரும் பொறுமை எனக்கு இல்லை. அப்பா, சிவப்புல எழுதினா பிள்ளை பயந்துடுவான் என்றார். பயந்தாலும் பரவாயில்லை, என் கையெழுத்தை இந்த மையில் பார்த்தால்தான் யார் எழுதியது என்று அவனுக்குச் சட்டென்று தெரியும் என்றேன். மேலே படிக்குமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். என் பெயரில் உனக்கு இமெயில் வந்தால், அது அச்சு அசலாக என்னைப் போலவே பேசினாலும் நம்பாதே. பணம் அனுப்பாதே, பதில் போடாதே, கப்பலை விட்டு இறங்காதே. ஆறு நாளாக என் இமெயில் என் கையில் இல்லை.

எப்படி என்று கேட்பாய். நாலு வாரத்துக்கு முன்னால் சுங்க அலுவலகத்திலிருந்து வந்ததுபோல ஓர் இமெயில் வந்தது. நீ அனுப்பிய பார்சலைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், கட்டணம் கட்டினால் விடுவார்களாம். மூன்று வாரமாகக் கரையையே பார்க்காதவன் எந்தத் தபால் நிலையத்துக்குப் போய்ப் பார்சல் போட்டான்? பொய் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு, ஒருவன் முகம் மாறாமல் பொய் சொன்னால் சரி, அப்புறம் என்று கேட்காமல் இருக்க வராது. பதில் போட்டேன். பார்சல் எத்தனை கிலோ என்றேன், நாலு என்றான். மறுநாள் எனக்கு மறதி அதிகம், எத்தனை கிலோ என்று சொன்னீர்கள் என்றேன், ஏழு என்றான். ஒருநாள் கண்ணாடி காணோம் என்றேன், ஒருநாள் வங்கியில் கூட்டம் என்றேன், ஒருநாள் உங்கள் படிவத்தைத் தலைகீழாக அச்செடுத்துவிட்டேன் என்றேன். அலமாரியில் எழுதாமல் கிடந்த பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து அவனுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். தினமும் எத்தனை மணிக்கு எழுதினான், எந்தப் பெயரில் எழுதினான், எந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தான், எல்லாவற்றையும் குறித்தேன். கடைசி பெஞ்சு என்று பெயரும் வைத்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழிச்சு உனக்கு ஒரு பையன் மாட்டினான் டீச்சர், பாவம், அவன் எந்த ஜென்மத்துல என்ன பண்ணினானோ என்று தினமும் காபியோடு கேலிதான். எனக்கோ உள்ளூரப் பெருமை. வகுப்பில் கல்லெறிகிற பையனை முன் வரிசையில் உட்காரவைத்து ஒரு நீளமான கணக்கைக் கொடுத்துவிட்டால், அந்த ஒரு மணி நேரம் மற்ற பிள்ளைகள் தலை தப்பும் அல்லவா, அதுபோல அவன் என்னோடு செலவழிக்கிற நேரம் எல்லாம் இன்னொரு வீட்டுக்கு மிச்சம் என்று நினைத்தேன்.

பிசகு அங்கேதான். சாக்குச் சொல்லச் சொல்ல என்னிடம் பொய் தீர்ந்துவிட்டது. கற்பனைத் தேசத்துக்கு வரைபடம் போட்டாலும் வடக்கையும் அளவையும் நிஜமாகக் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதே புத்தியில், பொய்க்கு நடுவே நிஜத்தை வைத்தேன். அப்பாவின் கண் ஆபரேஷன், என் முழங்கால், ஆறாம் வகுப்பில் உனக்கு வந்த காய்ச்சல், தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, என்ஜினியர் பரீட்சை எழுதக் கப்பலில் இத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று நீ கடல் நாட்களைச் சேர்ப்பது. உனக்கு எழுதுவதுபோலவே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவன் அதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறான். என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு படிவத்தை அவனே நிரப்பி அனுப்பினான். தவறு இருந்தால் திருத்திக் கொடுங்கள் அம்மா என்று எழுதியிருந்தான். கையில் வந்த தாளைத் திருத்தாமல் கீழே வைக்கத் தெரியாத கை இது, உனக்குத் தெரியும். மளிகைக் கடை ரசீதைக்கூட விட்டுவைக்க மாட்டேன். திறக்கப் போனேன். பார்ப்பதற்கு உங்கள் பாஸ்வேர்டைப் போடுங்கள் என்றது. போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, இவன் இந்தத் தடவை எங்கே கோட்டை விட்டிருக்கிறான் என்று பார்க்கிற அவசரம். மறுநாள் காலையில் என் இமெயில் எனக்கே திறக்கவில்லை.

அதற்கடுத்த நாள் தையல் டீச்சர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். ஞாபகம் இருக்கிறதா, உன் சட்டைப் பையைக் கோணலாகத் தைத்துவிட்டு அதுதான் புது மாடல் என்று சாதித்தவள். கையில் ஒரு பை நிறையப் பழம். கதவைத் திறந்தது அப்பா, அரை முகத்தில் சோப்பு நுரையோடு. அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐயோ அண்ணா, நீங்க ஆஸ்பத்திரியில இல்லையா, அக்கா அப்படித்தானே எழுதியிருந்தாங்க என்றாள். அப்பா, நான் பாத்ரூம்ல இருந்தேம்மா, அதைக்கூடவா உங்க அக்கா ஊருக்கெல்லாம் எழுதறா என்றார். யாரும் சிரிக்கவில்லை. கண்ணில் சீழ் வைத்துவிட்டது, அவசரம், மகனுக்குச் சொல்லாதே என்று நான் எழுதியதுபோல எழுதி, காது மெஷின் வாங்க அவள் சேர்த்து வைத்திருந்ததை வாங்கிவிட்டான். நீங்க எழுதற மாதிரியே இருந்துச்சுக்கா, முழங்கால் வலியைக்கூடச் சொல்லியிருந்தீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, வந்தது வந்தேன், அண்ணாவாவது சாப்பிடட்டும் என்றாள்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே அவளோடு போலீஸுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி முதலில், வயசானவங்க இதுலல்லாம் ஏம்மா விளையாடறீங்க என்றார். பக்கத்தைப் புரட்டப் புரட்டக் குரல் மாறிவிட்டது. அவள் பணம் போட்ட கணக்கு எண்ணும் ஒன்பதாம் நாள் அவன் எனக்குக் கொடுத்த எண்ணும் ஒன்று. டீச்சர், இந்த ரிஜிஸ்டர் கொஞ்ச நாள் எங்ககிட்ட இருக்கட்டும் என்றார். வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிட்டது, அவள் பணத்தில் பாதிக்குமேல் வெளியே போகாமல் நின்றிருக்கிறது. மீதியை நான் மாதாமாதம் கொடுப்பேன் என்றதற்கு அவள் இன்னும் சரி சொல்லவில்லை. என் இமெயிலைத் திருப்பித் தர இன்னும் நாளாகுமாம்.

அது இருக்கட்டும், என் கவலை நீ. அவனிடம் உள்ள பட்டியலில் உன் முகவரிதான் முதலில் இருக்கும். அப்பாவுக்கு ஒன்று என்றால் நீ யோசிக்க மாட்டாய். போன தடவை சாதாரண வயிற்றுப்போக்குக்கு முழுச் சம்பளத்தையும் அனுப்பிவிட்டு அப்புறம் என்ன வியாதி என்று கேட்டவன். பணம் போனால் போகட்டும், நீ அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஓடிவந்துவிட்டால் பரீட்சைக்குச் சேர்த்த கடல் நாட்கள் என்ன ஆவது? இன்னும் நாலே மாதம். நடுக்கடலில் உன் போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை. உங்கள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண், நான் மெசேஜ் போட்டுடறேன் ஆன்ட்டி, கவலைப்படாதீங்க என்றாள். போட்டிருப்பாள். ஆனால் தையல் டீச்சருக்கு அவன் எழுதிய இரண்டாவது இமெயிலைப் பார்த்தேன். என் கடிதம் பொய் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அவர்கள்தான் ஏமாற்றுக்காரர்கள் என்று இருக்கிறது. நான் புது இமெயில் முகவரியில் எழுதினால் அதையும் நீ சந்தேகப்பட வேண்டும், அப்படித்தான் உன்னைப் பழக்கியிருக்கிறேன். ஆகவே காகிதமும் என் கையும்தான் பாக்கி. உன் கப்பல் கரை சேரப் பன்னிரண்டு நாள், கூரியர் போய்ச்சேர ஒன்பது நாள் என்கிறான் கூரியர் கடைக்காரன். இரண்டு பிரதி எழுதுகிறேன், உன் கப்பல் அடுத்தடுத்து நிற்கப்போகும் இரண்டு துறைமுகத்துக்கும் ஒவ்வொன்று. நாலு வரிக்கு ஒருதரம் எழுந்துபோய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், நாலு மணிக்குக் கூரியர் பை கட்டிவிடுவார்கள்.

கையெழுத்தையும் ஒருவன் பார்த்து எழுதலாம் என்று நீ நினைத்தால், அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதனால் இதைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் நீ என் வகுப்பில் இருந்தாய். வரைபடப் பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து நதிகளைக் குறித்தாய். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். உன் பெஞ்சருகே வந்து, ஒரு பொருளை உன் தாள்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனேன். நீ எல்லா நதிகளையும் அழித்துவிட்டு வெறும் தாளைக் கொடுத்தாய். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பா ஏன் இருவரும் இவ்வளவு அமைதி என்று கேட்டார். இருவரும் ஒன்றுமில்லை என்றோம். இந்தப் பதினேழு வருஷத்தில் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. நான் இமெயிலில் எழுதாதது இது ஒன்றுதான். மனசு வந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே, வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். அன்றைக்குத் தப்பில் மாட்டியவன் நீ, இன்றைக்கு நான்.

வேளைக்குச் சாப்பிடு, இயந்திர அறையில் காதடைப்பானைக் கழற்றாதே, தையல் டீச்சரைப் பார்த்தால் காதின் அருமை தெரியும். எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு, பரீட்சையை முடித்துவிட்டு நிதானமாக வா. மறக்காமல் ஒன்று செய். நம் வீட்டு எண்கள் எல்லாம் அவன் கையில் இருக்கும், அதனால் கரையில் கால் வைத்ததும் கீழ்வீட்டு எண்ணுக்குப் போன் போட்டு, அன்றைக்கு நான் தாள்மேல் என்ன வைத்தேன் என்று மட்டும் சொல். அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

பார்த்தும் பேசாமல் போன,
உன் அம்மா