சவுரியம்மாளின் கண்

கோலியனூர்
1946 மார்ச்சு, ஞாயிறு

மாதா துணை.

பாக்கியத்தின் அப்பா அவர்களுக்கு, இருதயமேரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் குழந்தையும் சுகம். தாங்கள் சுகமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ரொம்பச் சுகமாக இருப்பதாக உங்கள் தம்பி அந்தோணிசாமி திண்டிவனத்திலிருந்து வந்து சொல்லிவிட்டார்.

மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது, கடலை நல்ல திரட்சி. ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கிடா. பாக்கியத்துக்கு இருமல் விட்டுவிட்டது. நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டித் துணியில் அவளுக்குப் பாவாடை தைத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

எண்ணெய் மில் கட்டும் இடம் அடிவரைக்கும் மணல், அதை அமுக்குகிற வேலை, லேசான வேலை என்று போன கடிதத்தில் எழுதினீர்கள். மீதியைத் தம்பிதான் சொன்னார். ஜெர்மன் சண்டைக்கென்று வந்து மீந்துபோன பட்டாளத்து என்ஜினைக் காண்டிராக்டர் ஏலத்தில் எடுத்து, முக்காலி போல நட்ட மூன்று மரத்தில் தொங்கும் இரும்புக் குழாயோடு பூட்டியிருக்கிறாராம். தண்ணீரைப் பீய்ச்சிக் குழாயை மண்ணுக்குள் இறக்கி, உள்ளேயே உதற விடுவார்களாம். உதற உதற ஆழத்தில் மணல் நெருங்கி இறுகுமாம். மேல்மண் குழியாக உள்வாங்குமாம், அந்தக் குழியில் கூடை கூடையாக மணல் கொட்ட வேண்டுமாம். குழாய் சாயாமல் பிடிக்கிறவர் நீங்கள். கொட்டுகிறவள் சவுரியம்மாள்.

தம்பி அதோடு நிறுத்தியிருக்கலாம். கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டே, "அந்த என்ஜின் சத்தத்துல பேச்சு எங்க அண்ணி கேக்குது? அண்ணன் கையக் காட்டுவாரு. அந்தம்மா அவர உட்டுக் கண்ண எடுக்காம பாத்துக்கினே நிக்கும்" என்றார். பக்கத்து வீட்டுக் காந்திமதி சும்மா இருப்பாளா? கல்யாணத்தன்றைக்காவது உன்னை அப்படிப் பார்த்தாரா என்று கேட்டுச் சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எட்டு வருஷமாக உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே நிற்கிறேன், நீங்கள் தட்டைத்தான் பார்ப்பீர்கள். அவள் கெடார் ஊர்க்காரியாம், புருஷன் இல்லாதவளாம், நல்ல உயரமாம். முதல் இரண்டும் தம்பியாகச் சொன்னது, உயரம் நான் கேட்டது.

சாயங்காலம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றேன். அந்தக் கண் இனிமேல் உங்கள் பக்கம் திரும்பவே கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது வேண்டியதுதான்.

செவ்வாய்

மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை. மனசு அடங்காமல், நேற்றுக் காலை பாக்கியத்தைக் காந்திமதியிடம் விட்டுவிட்டு விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனம் வந்தேன். ஆமாம், வந்தேன். நாலு பேர் எதிரில் உங்களை என்ன கேட்பது, அவளை என்ன கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தேன்.

வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். நிலம் அதிர்ந்து என் பல்லெல்லாம் கிட்டியது. தம்பி சொன்னது நிஜம்தான், அவள் உங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு என் புருஷன் காலில் என்ன வேலை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் நீங்கள் நின்ற மணல் கூழாக இளகி, முழங்கால்வரை உங்களை உள்ளே இழுத்தது. அவள் கூடையை எறிந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். அதைப் பார்த்து என்ஜின்காரர் நிறுத்தினார். அதற்கு முன்னே நான் அலறியது என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கயிறு போட்டு உங்களை இழுத்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள், காலைக் கழுவிக்கொண்டு திரும்பவும் போய்க் குழாயைப் பிடித்தீர்கள். ஒருவரும் பதறவில்லை. அடிக்கடி நடப்பதுதான் போலிருக்கிறது. லேசான வேலையாம்!

நான் உள்ளே வராமலே திரும்பிவிட்டேன். காவல்காரரிடம் மல்லாட்டை உருண்டை கொடுத்தேனே, யார் கொடுத்தது என்று விழித்திருப்பீர்கள். உங்களுக்கென்று கொண்டுவந்ததை அங்கேயே இரண்டு பொட்டலமாகப் பிரித்தேன், ஒன்று சவுரியம்மாளுக்கு. பெரியது உங்களுக்கு.

அவளைக் கும்பிட வேண்டும் என்று தெரிகிறது, மனசு வரவில்லை. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள், இப்போதுதான் அதிகம். உங்கள் கால் எங்கே நிற்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறதே.

கூடை தூக்க எனக்கும் தெரியும். காண்டிராக்டரிடம் சொல்லிவிட்டு, வருகிற ஞாயிறு வந்து என்னையும் குழந்தையையும் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம், வந்துவிடுங்கள்.

நேற்று ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கோயிலுக்கு ஓடினேன். முன்னே கேட்டதைத் திருப்பி வாங்க வேண்டுமே. இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாதாவே, நான் போய்ச் சேருகிறவரைக்கும் அந்தப் பெண்ணின் கண் என் புருஷனை விட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது என்று அழுது வேண்டிக்கொண்டேன். என் வாயாலேயே இப்படிக் கேட்க வைத்துவிட்டீர்களே.

உங்கள் பாதத்தையே நினைத்திருக்கும்,
இருதயமேரி